கூடாரம் அடிக்கப் போகும் உறவுகளுக்கு

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வெளிநாடுகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அழைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாத்தளைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கலாமாமே, பிள்ளைகளோடு போகலாமா?" மாத்தளையில் பிறந்தவன், பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் இதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

பதில் இருக்கிறது. தாராளமாகப் போகலாம். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் அந்தப் பாதையைப் போன்ற அழகான பாதைகள் இந்நாட்டில் அதிகமில்லை. மிளகும் கொக்கோவும் கீழே தங்கிவிட, தேயிலை தொடங்கும். தேயிலையும் முடிந்த பிறகு காற்று தொடங்கும். ரிவர்ஸ்டன் இடைவெளியில் நிற்பவனை அந்தக் காற்று உண்மையிலேயே தள்ளும். அதற்கப்பால் பிட்டவல பத்தனையின் புல்வெளி, சேர எல்ல நீர்வீழ்ச்சி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனங்களோடு சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அனுமதி பெற்றுப் போங்கள், பொலித்தீனைத் திரும்ப எடுத்து வாருங்கள், அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் கொண்டு போங்கள். பயணம் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவே.

என்னுடைய சண்டை அந்தப் பாதையின் நடுவழியில் இருக்கும் லயங்களைப் பற்றியது.

2025 ஆகஸ்டில் என் தங்கை குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தாள். மைத்துனர், கல்லூரி வயதில் ஒரு மகன், பாடசாலை வயதில் ஒரு மகள். இரண்டு இரவுகள் மலையில் கூடாரம் என்பது திட்டம். போகிற வழியில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், எங்கள் தகப்பனாரின் தங்கை இருக்கிறார். எழுபத்தைந்து வயது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவரை 'எட்டிப் பார்த்துவிட்டு' மேலே ஏறுவது என்று பயண நிரலில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டபோதே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஆகவே இனி நான் எழுதுகிற குற்றப்பத்திரிகையில் என் பெயரும் இருக்கிறது.

அத்தை காலையிலேயே கோழி அடித்து வைத்திருந்தார். இஸ்தோப்பைச் சாணமிட்டு மெழுகி, பக்கத்துக் காம்பராவிலிருந்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கி வரிசையாகப் போட்டிருந்தார். நாங்கள் அங்கே இருந்தது அரைமணி நேரத்துக்கும் குறைவு. இருட்டுவதற்கு முன்பாகக் கூடாரத்தை அடித்துவிட வேண்டுமாம். கறி ஒரு பாத்திரத்தில் கட்டித் தரப்பட்டது. அந்த அரைமணியிலும் பெரும்பகுதி படம் எடுப்பதில் கழிந்தது. கல் ஏற்றி வைத்த தகரக் கூரை, பொதுக் குழாயடி, புகை படிந்த அடுப்பங்கரை, அத்தையின் கைகள். நான் மைத்துனரின் முகத்தைப் பார்த்தேன். "எடுக்கட்டும் மச்சான், நம்ம வேர்தானே" என்றார்.

புறப்படும்போது அத்தை என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் புள்ள, காட்டுல போயி எதுக்குப் படுக்கணும்? இங்க எடம் பத்தாதுன்னா?" கிண்டலாகக் கேட்கவில்லை. இடம் போதாது என்பதனால்தான் போகிறோம் என்று அவர் உண்மையாகவே நினைத்துவிட்டார். எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இவ்விடத்தில் கனடாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. 2016 கோடையில் நான் தங்கையின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். இதே மைத்துனர்தான் என்னையும் அல்கொன்குயின் வனப்பூங்காவில் கூடாரத்தில் படுக்க வைத்தார். திரும்பிய மறுவாரம் ஒன்ராறியோவின் தென்மேற்கே, மில்வேர்ட்டன் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள அமிஷ் மக்களின் பண்ணைகளைக் காட்ட அழைத்துப் போனார். மின்கம்பி போகாத வீடுகள், குதிரை வண்டிகள், கொடியில் காயும் கறுப்பும் நீலமுமான துணிகள். காரை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார்: "முகத்துக்கு நேரே படம் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு அது பிடிக்காது. அது அவர்களுடைய வீடு."

நல்ல மனிதர். சரியாகச் சொன்னார். அமிஷ் மக்கள் தம்மை நிறுத்திவைத்துப் படம் எடுப்பதைத் தமது மார்க்கத்துக்கு விரோதமாகக் கருதுபவர்கள். அந்த மறுப்பை அந்நியரான நாங்களும் மதித்தோம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தன் மனைவியின் சொந்த அத்தை வீட்டு அடுப்பங்கரையில் அதே மனிதருக்கு அந்த மரியாதை ஏன் நினைவுக்கு வரவில்லை? என் மனத்தை அரிக்கும் கேள்வி இதுதான்.

எனக்குத் தோன்றும் விடை இது. இரண்டையும் நாம் ஒன்றென்று எண்ணிவிட்டோம். மின்சாரமில்லாத பண்ணையும் தகரக் கூரை லயமும் நம் கண்ணுக்கு 'எளிய வாழ்க்கை' என்ற ஒரே படமாகத் தெரிகின்றன. "எவ்வளவு குறைவானதை வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள், பாருங்கள்" என்று மேலே ஏறும் வழியெல்லாம் வண்டிக்குள் பேச்சு நடந்தது. இதனைவிடப் பெரிய பொய்யை நான் அண்மையில் கேட்டதில்லை.

அமிஷ் மக்கள் அந்த வாழ்வைத் தெரிவு செய்தவர்கள். அவர்களிடையே ஞானஸ்நானம் குழந்தைக்குக் கொடுக்கப்படுவதில்லை. வளர்ந்தபின், இந்த வாழ்வு எனக்கு வேண்டும் என்று சொல்பவனுக்கே கொடுக்கப்படுகிறது. வேண்டாம் என்பவன் விலகிப் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் நிற்கும் நிலம் அவர்களுடையது. அத்தை எதைத் தெரிவு செய்தார்? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவையா? பெரட்டுக் களத்தையா?

காலக்கணக்கைப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். 1820களில் பவேரியாவிலிருந்து வந்த கிறிஸ்டியன் நாப்சிகர் என்ற அமிஷ் விவசாயி, தன் மக்களுக்காக மேல் கனடாவின் வில்மட் பகுதியில் நிலம் கேட்டார். முன்னால் ஓடும் பாதையைத் துப்புரவாக்கி ஒரு குடிசையையும் கட்டினால் குடும்பமொன்றுக்கு 50 ஏக்கர் இலவசம் என்ற நிபந்தனையில் நிலம் கிடைத்தது. அது ஆதிக்குடிகளின் நிலம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது.

அதே 1820களில்தான் இங்கே கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்டின் கோப்பித் தோட்டம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து நம் முன்னோர்கள் கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. அவர்களும் காட்டை வெட்டினார்கள், பாதை போட்டார்கள், குடிசை கட்டினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, பின்னர் தேயிலை வந்தபோது அதனையும் நட்டார்கள். அங்கே 50 ஏக்கருக்குப் போதுமானதாக இருந்த உழைப்பு, இங்கே ஒரு பேர்ச்சுக்கும் போதவில்லை.

சுதந்திரம் கிடைத்த 1948லேயே குடியுரிமையும் போயிற்று. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, எத்தனை இலட்சம் பேர் உனக்கு, எத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா கூடலூருக்குப் போனார், அப்பா மாத்தளையில் நின்றார். உறவு பார்க்கக் கடல் கடக்கும் வழக்கம் எங்களுக்குக் கனடாவால் வந்ததல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தபோது மேலும் பலர் போனார்கள். 2009இல் போர் முடிந்தபோது அவர்களின் பிள்ளைகள் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் அடைக்கப்பட்டுக் கிடந்தார்கள். பத்திரிகையாளனாக நான் அங்கு போனபோது இரத்தோட்டைப் பேச்சு என் காதில் விழுந்தது.

'முகாம்' என்ற சொல் நம்மிடம் எங்கெல்லாம் இருந்து வந்திருக்கிறது என்பதைக் கூடாரத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, இவையெல்லாம் பழைய கதைகள் என்பீர்கள். 2023க்கு வருவோம். மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி 16 நாட்கள். ஆகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தது. உலகமெங்கும் தமிழர்கள் அந்தப் படங்களைப் பகிர்ந்தார்கள். அதே மாதத்தில், அதே மாவட்டத்தில், எல்கடுவையை அடுத்த ரத்வத்தைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலை உதவி முகாமையாளர் ஒருவர் உடைத்தெறிந்த காணொளி வெளியாயிற்று. இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்த பின்னரும், தோட்டத்தில் ஒரு குடில் போடுவதற்கு எங்கள் ஆளுக்கு உரித்தில்லை. ஆனால் மலையில் ஓர் இரவுக்குக் கூடாரம் அடிக்கப் பணம் கட்டினால் எவருக்கும் உரித்து உண்டு.

2015க்குப் பிறகு வந்த தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற அளவு பேசப்பட்டது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். நாப்சிகரின் மக்களுக்குக் கிடைத்த 50 ஏக்கர் 8,000 பேர்ச். இரண்டு நூற்றாண்டுக்குப் பின் எங்களுக்குப் பேசப்பட்டது ஏழு. அந்த ஏழுக்கும் உறுதிப்பத்திரம் கையில் இல்லாமல் எத்தனையோ பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

"சுற்றுலா வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் நாலு காசு கிடைக்கும்தானே" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. வழிகாட்டியாகப் போகும் தோட்டத்துப் பையன்களை நான் அறிவேன். ஆனால் துரை பங்களா விடுதியாக மாறும்போது அதன் வாடகை யாருக்குப் போகிறது? கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணின் படம் விளம்பரத்தில் வரும்போது அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்? கொழுந்து பறிப்பவரின் முகம் தோட்டத்துக்குச் சொந்தமான காட்சி என்று எண்ணும் வழக்கத்தை அந்நியர் தொடங்கினார்கள். இன்று உறவுக்காரர்கள் தொடர்கிறோம். நான் கோபப்படுவது இந்த இரண்டாவது கூட்டத்தின் மீது. அமிஷ் மக்களுக்குத் தம் முகத்தை மறுத்துக்கொள்ள ஒரு சபை இருக்கிறது, அதற்குப் பின்னால் நிலம் இருக்கிறது. அத்தைக்கு இருப்பது நாம் மட்டுமே.

ஆகவே கூடாரம் அடிக்கப் போகும் உறவுகளிடம் சிலவற்றைக் கேட்கிறேன். முதல் இரவை மலையில் கழிக்காதீர்கள். லயத்தில் கழியுங்கள். இஸ்தோப்பில் பாய் விரித்துப் படுங்கள். விடியற்காலையில் குழாயடி வரிசையில் உங்கள் பிள்ளைகள் வாளியோடு நிற்கட்டும். அவர்கள் சமைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். படம் வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த வீட்டுக்கு உறுதி இருக்கிறதா? விண்ணப்பம் எங்கே நிற்கிறது?" பிரதேச செயலகத்துக்கு எழுதத் தெரிந்தவர்கள், வழக்கறிஞரைத் தெரிந்தவர்கள், சிங்களத்தில் கடிதம் எழுதுவிக்கப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள். நான்கு பேருக்கான கூடாரமும் மெத்தையும் வாடகைக்கு எடுக்கும் காசில் அந்த வேலையைத் தொடங்கி வைக்கலாம். அதன் பிறகு மேலே ஏறுங்கள். காற்று அப்போதும் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் அன்று ஏறியபோதும் காற்று நன்றாகத்தான் இருந்தது. அத்தை கட்டித் தந்த கறியைக் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாத்தளை மலைகளிலும் மண் சரிந்தது. அத்தையின் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதாகச் சொல்லி எல்லோரையும் பாடசாலை மண்டபத்துக்கு இறக்கினார்கள். பாதை திறந்தபின் நான் போனேன். மண்டபத்தின் ஒரு மூலையில், சேலையால் மறைத்த ஓர் இடத்தில், பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு நாற்காலி இரவல் கேட்டார்.

இந்த முறை உட்கார்ந்தேன். அன்றிரவு அங்கேயே தங்கினேன். தங்கையின் வீட்டுக்கு அழைத்துப் பேசக் கொடுத்தபோது, மருமகள் அழுதுகொண்டே, ஏதாவது அனுப்பட்டுமா பாட்டி என்று கேட்டாள். அத்தை சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னும் வேணாம் புள்ள. அடுத்த வாட்டி வந்தா, ஒரு நாளு இருந்துட்டுப் போ."