மறைத்து விற்ற கார்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

கோளாறு தெரிந்தும் அதை மறைத்துப் பழைய கார் விற்ற டீலர், ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்’ என்று வாங்கியவர் போட்ட கையெழுத்தைக் காட்டித் தப்பக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. ‘டோட்டல் லாஸ்’ என்று இன்சூரன்ஸ் கணக்குத் தீர்த்த வண்டி அதோடு உடைக்கப்பட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் சீட் துணியை மாற்றி, கார்ப்பெட்டைக் காயவைத்து, பாலிஷ் போட்டு விற்க முடியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கோடு தெரியலாம். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கலாம். ஆனால் ஒயரிங்குக்குள் ஊறிய ஈரம் ஆறு மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

நம் ஒப்பந்தச் சட்டம் 1872-இல் எழுதப்பட்டது. கார் இல்லாத காலம் என்பதால் மோசடி பற்றிய 17-ஆம் பிரிவு குதிரையை வைத்து விளக்குகிறது. நலமில்லாத குதிரை என்று தெரிந்தும் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன் என்று சொல்லி, விற்பவர் அதற்கும் பேசாமல் நின்றால், அந்த மௌனம் சொன்னதற்குச் சமம். இந்த இரண்டாவது குதிரையைத்தான் கார் வாங்குவோர் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் டீலருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: வண்டி தண்ணீரில் நின்றதா, பெரிய விபத்தில் அடிபட்டதா, என்ஜின் இறக்கி வேலை பார்த்ததா, மீட்டரில் காட்டும் கிலோமீட்டர் உண்மையா? பதில் வராவிட்டால் குறை எதுவும் இல்லை என்றே கொள்வதாகவும் சேர்த்து எழுதுங்கள்.

தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதையும் அதே பிரிவு மோசடி என்கிறது. எச்சரிக்கை விளக்கின் ஒயரைத் துண்டிப்பது, கெட்டி ஆயில் ஊற்றி என்ஜின் சத்தத்தை அடக்குவது, மீட்டரைக் குறைப்பது ஆகியவற்றை மௌனம் என்று யாரும் சொல்ல முடியாது. கூலி கொடுத்துச் செய்வித்த வேலை அது.

டீலர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. தேய்ந்த டயருக்கும் தளர்ந்த கிளட்சுக்கும் நாங்கள் வழக்காட வரமாட்டோம். பத்து வயது கார் பத்து வயது காராகத்தான் ஓடும்.

பாதிக்கப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தரத்தைப் பற்றிப் பொய் சொல்வது, பில் தராமல் இருப்பது, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது எல்லாம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். திருப்பித் தரும் காலம் பில்லில் குறிப்பிடப்படாவிட்டால் சட்டம் 30 நாள் என்று வைக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆத்திரத்தில் உடனே ரிப்பேர் செய்துவிடாதீர்கள். ஆணையம் வண்டியைச் சோதனைக்கு அனுப்பக்கூடும். கழற்றி மாட்டிய என்ஜினில் சாட்சியம் மிஞ்சாது. மெக்கானிக்கின் எழுத்து அறிக்கையும் ஸ்கேன் பதிவும் கையில் இருக்கட்டும்.

காவல் நிலையம் இரண்டாவது வழிதான். திருத்திய மீட்டர், போலி சர்வீஸ் ரெக்கார்டு போன்றவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுதல் புகார் கொடுக்கலாம். மற்றவற்றை சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவதே அங்கே வழக்கம்.

‘நாங்கள் வெறும் கமிஷன் பார்ட்டி, ஓனரைக் கேளுங்கள்’ என்பது கார் கன்சல்டிங் கடைகளின் பழைய பாட்டு. பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் 29-உம் 30-உம் மேசை டிராயரில் கிடக்கும். கடையின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மோட்டார் வாகன விதிகள் இதற்கு முடிவு கட்ட வந்தவை. பழைய வண்டி டீலருக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும். படிவம் 29சி வழியாக வண்டி ஒப்படைக்கப்பட்டது பதிவானால் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஆனால் இந்த விதிகள் வண்டி யாருடையது என்பதைத்தான் பார்க்கின்றன, எப்படி இருக்கிறது என்பதை அல்ல. எனவே படிவம் 29சி-யுடன் டீலர் கையெழுத்திட்ட ஒரு பக்க நிலை அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கோருகிறோம். டோட்டல் லாஸ் ஆன வண்டி என்ற குறிப்பு ஆர்.சி. பதிவிலேயே ஏற வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, பழைய கார் வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு வெளிப்பட்டால் அது ஒப்படைத்த அன்றே இருந்ததாகக் கொள்கிறார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. அந்த ஏற்பாடு இங்கேயும் வேண்டும். இன்று மாதச் சம்பளக்காரர் ஒருவர் என்ஜினைப் பிரித்துக்காட்டித் தன் வழக்கை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இப்படியெல்லாம் செய்தால் பழைய வண்டியின் விலை விழுந்துவிடும் என்று வியாபாரிகள் எங்களிடம் சொல்கிறார்கள். தண்ணீரில் நின்ற வண்டிக்கு விழத்தான் வேண்டும். மூன்று கோரிக்கைகளையும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் நுகர்வோர் நலத் துறைக்கும் எழுத்தில் அனுப்புகிறோம்.