நெருஞ்சி குத்தியும் வலிக்கலையா?

எப்படி வீசினாலும் மூணு முனை தரையில ஊன்றி, ஒரு முனை மேல நிக்கும். எதிரியின் குதிரைகளை நிறுத்த அந்தக் காலப் படைகள் இறைச்ச இரும்பு முள் அது. லத்தீன்ல 'ட்ரிபுலஸ்'. 1753-ல் லின்னேயஸ் பதிவு செய்த நம்ம நெருஞ்சியோட பேரும் அதே: ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்.

குதிரைக்கு வலிச்சது, நின்னுடுச்சு. சர்க்கரையால நரம்பு மரத்துப்போன பாதம் நிக்காது. முள்ளோடவே நடக்கும். சீழ் வச்ச பிறகு வந்து, "வலியே இல்ல டாக்டர், அதான் வரல"ம்பாங்க. எனக்குப் பயமே அந்த வலியில்லாததுதான்!

சர்க்கரை மாத்திரையோட செருப்பையும் சீட்டுல எழுதணும்னு நினைக்கிறவன் நான். காட்டு வேலைக்குப் போறவங்க ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வச்சுப் பாருங்க. கண்ணு தெரியலைன்னா பேரப்பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்க.