சிவப்பு ஆற்றங்கரை மனிதர்கள்

இந்த வாரம் ஓர் அறிவியல் இணைப்பிதழைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. ஸ்பெயினின் ரியோ டிண்டோ ஆற்றைப் பற்றி அரைப் பக்கம். தலைப்பிலேயே செவ்வாய் கிரகம்! நுண்ணுயிர் பற்றி எது எழுதினாலும் வேற்றுக்கிரகத்தைக் கொண்டுவந்து ஒட்டும் வழக்கத்தை இந்தப் பத்தியில் பலமுறை கண்டித்திருக்கிறேன். பூமியில் பிறந்த உயிருக்கு அந்தச் சிபாரிசு எதற்கு?

அதில் வந்த நுண்ணுயிரின் பெயர் டீசல்ஃபோஸ்போரோசைனஸ் அசிடிடியூரன்ஸ். சிவந்து ஓடும் அந்த ஆற்றுநீரின் பி.எச். 2.3 அளவில் இருக்கும். எலுமிச்சைச் சாறு மாதிரி. பாறையிலுள்ள இரும்புக் கந்தகத்தைக் காற்றும் நீரும் தொட்டதும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கிவிடுகின்றன. அடியில், காற்று நுழையாத சேற்றில், டீசல்ஃபோஸ்போரோசைனஸ் நேரெதிர் வேலை பார்க்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைச் சுவாசித்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது. அந்த வாயு, கரைந்து கிடக்கும் செம்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வண்டலாகப் படியவைக்கிறது. புளிப்பும் குறைகிறது. பி.எச். 3.8 வரை இறங்கினாலும் இந்த உயிர் வளரும். இதே வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை வைத்து, நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலை 1990களிலேயே கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டது. செவ்வாயை விட்டுவிட்டு இதை எழுதியிருக்கலாம்.

அதைவிட உறுத்தியது வேறு. அந்த அரைப் பக்கத்தில் ஆற்றங்கரை மனிதர் ஒருவர்கூட இல்லை.

1873இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அங்கிருந்த செம்புச் சுரங்கங்களை ஸ்பெயின் அரசிடமிருந்து வாங்கியது. செம்பைப் பிரிக்கத் திறந்தவெளியில் விறகடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்து, மாதக்கணக்கில் எரியவிட்டார்கள். கந்தகம் புகையாகப் போனது. காற்றில்லாத நாளில் புகை கிளம்பாமல் ஊர்மேலேயே கவிந்து நிற்கும். ஊரார் அதைப் போர்வை என்றார்கள். அப்படிப்பட்ட நாளில் வேலை நடக்காது. தொழிலாளிக்குக் கூலி வெட்டு. சுற்றுப்பட்டு விவசாயிகளின் பயிரும் மரமும் கருகின.

1888 பிப்ரவரி 4 அன்று தொழிலாளிகளும் விவசாயிகளும் சேர்ந்து மினாஸ் டி ரியோடிண்டோ ஊர்மன்றத்துக்குப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் உடன் இருந்தார்கள்; வாத்தியக் குழுகூட வந்தது. திறந்தவெளி எரிப்பை நிறுத்துங்கள், புகைநாளில் கூலியை வெட்டாதீர்கள் என்று கேட்டார்கள். பாவியா படைப்பிரிவு சதுக்கத்தில் சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13 பேர். ஊர்க் கணக்கில் நூற்றுக்கும் மேல். அந்த வருடத்துக்கே துப்பாக்கிச்சூட்டு ஆண்டு என்று பெயர் வந்துவிட்டது. அதே மாதக் கடைசியில் எரிப்புக்குத் தடை வந்தது. 1890இல் அந்தத் தடையையே ரத்து செய்தார்கள்.

2018 மே மாதம் தூத்துக்குடியில் தாமிர ஆலையை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்ததைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இது அந்நிய தேசத்துப் பழங்கதையாகத் தோன்ற வாய்ப்பே இல்லை.

சுரங்கத்தால் மேலும் புளித்த ஆறு அது. அந்தச் சேற்றுக்குள் ஓர் உயிர் அமிலத்தைத் தணித்துக்கொண்டிருக்கிறது என்றால் அதைக் கொண்டாடுவோம். ஆனால் அறிவியல் பக்க ஆசிரியர்களே, அடுத்த முறை ரியோ டிண்டோ என்று எழுதும்போது, சுவாசிக்கக் காற்றுக் கேட்டுச் செத்தவர்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.