சிறைவாயிலில் ஒரு துணை

பிணை ஆணை பெரும்பாலும் மாலையில்தான் சிறைக்கு வந்து சேர்கிறது. கையெழுத்துகள் முடிந்து, உடைமைகளைப் பெற்றுக்கொண்டு, ஒருவர் புழல் சிறையின் வாயிலைக் கடக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். டாஸ்மாக் கடையோ இரவு 10 மணி வரை திறந்திருக்கும். குடிநோயால் வேலையையும் வீட்டையும் இழந்து, அக்குடியின் மயக்கத்திலேயே குற்றம் புரிந்து உள்ளே சென்றவர் அவர் என்றால், அந்தச் சில மணி நேரம் அவருக்குப் பெரும் சோதனை. அவ்வேளையில் அவர் பக்கத்தில் நிற்பதற்கு யார் இருக்கிறார்கள்? தமிழகத்தின் ஒன்பது மத்திய சிறைகளையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.

சிறையில் இருந்த மாதங்களில் குடிக்கவில்லை, ஆகவே அவர் மீண்டுவிட்டார் என்று குடும்பம் நம்புகிறது. சில வேளைகளில் அவரும் நம்புகிறார். அந்த நம்பிக்கை உயிரையே பறிக்கக்கூடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. விடுதலைக்குப் பிந்தைய முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, பிற மக்களுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ 13 மடங்கு என்று அது கண்டது. அளவு மீறிய போதைப்பொருளால் இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. கை பழைய அளவையே எடுக்கிறது. வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் நகரங்களிலும் பரவியுள்ள இந்நாளில், அந்த எண்களை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

சிறைக்குள் வந்த முதல் நாள்களும் இடர் நிறைந்தவையே. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவருக்கு மது திடீரென நின்றதும் கை நடுங்கும், வியர்வை பெருகும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் இரவில் சுவரெங்கும் பூச்சி ஊர்வதாக அலறவும் கூடும். சோற்றுத் தட்டைப் பிடிக்க முடியாமல் நடுங்கும் அந்தக் கையை நடிப்பென்று எண்ணி அதட்டிவிட்டுப் போவோரும் உண்டு. இந்நிலையைக் கவனிப்பது மருத்துவரின் பணி. சிறைவாசிகளுக்கு உதவ வரும் எந்தத் தன்னார்வலரும் இதைத் தம் தலைமேல் போட்டுக்கொள்ளலாகாது. மது, போதைப்பொருள் ஆகியவற்றால் நேரும் மனநலக் கேடுகளையும் மனநோய் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை.

மருத்துவரின் பொறுப்பு சிறை மதிலோடு நின்றுவிடுகிறது. காவலரின் பொறுப்பும் அப்படியே. மதிலின் இருபுறமும் ஒரே மனிதரோடு நடக்க முடிந்தவர் தன்னார்வலர் ஒருவரே. அவருடைய அருமை அங்கேதான் இருக்கிறது. பண்டிகை நாளில் இனிப்பு வழங்கி, அறவுரை கூறி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நாம் பழிக்கவில்லை. ஆனால் மீட்சிக்கு அது உதவாது. வாரந்தோறும் அதே கிழமையில், அதே நேரத்தில் வந்து அமர்பவரே தேவை. எண்ணற்றோர் வாக்குக் கொடுத்துக் கைவிட்டுச் சென்ற வாழ்க்கை சிறைவாசிகளுடையது. சொன்ன நேரத்தில் ஒருவர் வருகிறார் என்பதே அங்கு மருந்தின் பாதி.

குடிநோயிலிருந்து மீண்டோர் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. ஏழு ஆண்டுகளில், 1942இல், கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் அதன் கூட்டம் நடந்தது. சிறை அதிகாரி கிளின்டன் டஃபி அதற்கு இடங்கொடுத்தார். அக்கூட்டங்களின் முறை எளியது: வட்டமாக அமர்வர்; ஒருவர் தம் கதையைச் சொல்வார்; மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பர். வழக்கைப் பற்றிப் பேச்சில்லை, தீர்ப்புக் கூறுவதில்லை. வெளியிலிருந்து செல்பவர் கடிதமோ பணமோ கொண்டு செல்லலாகாது. பிணைக்கு உதவுவதாக வாய்தவறியும் சொல்லலாகாது. இக்கட்டுப்பாட்டைக் காக்காத ஒருவரால் அனைவருக்கும் கதவு அடைபட்டுவிடும்.

இப்பணிக்கு மிகவும் தகுந்தவர், தாமே குடித்துச் சீரழிந்து மீண்டவர். “எனக்கும் அந்த இரவுகள் தெரியும்” என்று அவர் சொல்லும்போது கேட்பவர் தலைநிமிர்கிறார். ஆயினும், பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒரு வழக்கைச் சுட்டி அவரை வாயிலிலேயே நிறுத்திவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. நன்கு ஆராய்ந்து, பயிற்சி தந்து, நடத்தையைப் பார்த்து அனுமதிக்கட்டும். பழைய வழக்கு ஒன்றே தகுதியின்மை ஆகிவிடக் கூடாது.

குடும்பத்தையும் மறக்கலாகாது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயாளரோடு அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்பதைச் செயலில் காட்டியது. மனுப் போட்டு, வரிசையில் நின்று, சில நிமிடம் மட்டும் முகம் பார்த்துத் திரும்பும் மனைவிக்கும் தாய்க்கும் குடிநோய் பற்றி எடுத்துச் சொல்வார் எவருமில்லை. வீடு திரும்புகிறவரைச் சந்தேகத்தோடு துருவாமலும், கையில் பணத்தைத் திணிக்காமலும் ஏற்பது எப்படி என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் தன்னார்வலரின் கடமையே.

சிகிச்சைக்குச் சட்டத்தில் வழியே இல்லையென்று சொல்வதற்கில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, போதைப்பொருளுக்கு அடிமையாகி, அதைப் பயன்படுத்தியோ சிறிதளவு வைத்திருந்தோ குற்றம் புரிந்தவரை, அவர் இசைந்தால், தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அது வழக்கமான வழியாக வேண்டும்.

சிறைத்துறையிடம் நாம் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பயிற்சி பெற்ற தன்னார்வலருக்கு ஓராண்டு செல்லும் அனுமதி அட்டை. கூட்டத்துக்கு ஓர் அறை. சிறைவாசி இசைந்தால் விடுதலைச் செய்தியை அன்றே தன்னார்வலருக்குத் தெரிவித்தல். அருகிலுள்ள போதை மீட்பு மையத்தில் மறுநாளே ஓர் இடம். நம் நாட்டுச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்குப் பிணை எந்த மாலையில் வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆதலால், யார் யாருக்குத் துணை என்பது சிறைக்கு வந்த முதல் வாரத்திலேயே முடிவாகி, பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.