முப்பது நாள் நடை: மனவுறுதி மட்டும் போதுமா?

'ஒரு மாதத்துக்குத் தினமும் முப்பது நிமிடம்' என்ற உடற்பயிற்சிச் சவால் எமது குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசி எண்ணிக் காட்டும் காலடிகளைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருக்கும் அம்மாவும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இருக்கும் சித்தப்பாவும் உற்சாகமாகத் தொடங்கி, நான்காம் ஐந்தாம் நாளில் நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு வருவது அறிவுரை: "மனம் வைத்தால் முடியும்."

மனம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் நடப்பதற்கு வீதியும் வேண்டும். அந்த வீதியில் காரணம் சொல்லாமல் நடக்கும் துணிவு வேண்டும், நோகாத உடலும் கூட வரும் ஆட்களும் வேண்டும். போரையும் இடப்பெயர்வையும் கடந்து கொழும்புக்கு வந்த தமிழர்களுக்கு இவற்றில் எதுவும் இயல்பாகக் கிடைத்ததில்லை. ஆகவே ஒரு மாத உடற்பயிற்சிச் சவாலைத் தனிமனித ஒழுக்கத்தின் பரீட்சையாக மட்டும் பார்ப்பது தவறு. அது பொது இடம் யாருக்கு உரியது என்ற கேள்வியும்கூட.

ஏன் இது அவசரம்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2018 இல் வெளியிட்ட நாட்டு விவரத்தின்படி இலங்கையில் நிகழும் மரணங்களில் சுமார் 83 வீதம் தொற்றா நோய்களால் ஏற்படுபவை. இருதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் ஆகியவை இதில் அடங்கும். நீரிழிவு நகர்ப்புறங்களில் இன்னும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன.

வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்புத் தேவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல். அத்துடன் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாட்கள். 2024 ஜூனில் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, 2022 இல் வளர்ந்தவர்களில் 31 வீதமானோர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்த அளவை எட்டவில்லை. தெற்காசியாவில் அது 45 வீதம். ஆண்களை விடப் பெண்களிடையே நிலைமை மோசம்.

எமது மக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர் மனதில் விட்டுச் சென்ற காயம் பல நேரங்களில் உடல்வலியாகவே வைத்தியரிடம் வருகிறது என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்திலிருந்தே எழுதி வந்திருக்கிறார். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, யோகாசனம், மந்திர உச்சாடனம் போன்று மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான முறைகளை அவரும் அவரது சகாக்களும் சிகிச்சையில் பயன்படுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான, 218 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கிய மீளாய்வு, நடை, மெல்லோட்டம், யோகா, தசைப் பயிற்சி ஆகியன மனச்சோர்வைக் குறைக்க உதவுவதைக் காட்டியது. தூக்கமில்லாத இரவுகளோடு வாழும் ஒரு சமூகத்துக்கு இது சிறிய செய்தி அல்ல.

முப்பது எங்கிருந்து வந்தது?

முப்பது நாள் என்ற கணக்குக்குப் பின்னால் மருத்துவ விதி எதுவும் இல்லை. மாதம் என்பது எண்ணுவதற்கு வசதியான அளவு, அவ்வளவுதான். தினமும் 10,000 காலடி என்பதும் அப்படித்தான். 1965 இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்கு விட்ட காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து அது பரவியது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் பழக்கமாக மாறுவதற்கு எடுத்த காலத்தின் நடுப்புள்ளி 66 நாட்களாக இருந்தது. சிலருக்கு 18 நாட்கள் போதுமானதாக இருந்தன. வேறு சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஒரு நாள் விட்டதும் "எல்லாம் போயிற்று" என்று நிறுத்திவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முப்பது நாள், முப்பது நிமிடம் என்ற வடிவத்தை உலகறியச் செய்தவற்றுள் முக்கியமானது டுபாய் அரசு 2017 முதல் ஆண்டுதோறும் நடத்தும் உடற்பயிற்சிச் சவால். அங்கே அரசு மக்களைப் பார்த்து "மனம் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. நகரின் பிரதான நெடுஞ்சாலையான ஷேக் சயித் வீதியை வாகனங்களுக்கு மூடி, ஒரு நாள் ஓடுவோருக்கும் இன்னொரு நாள் சைக்கிள் ஓட்டுவோருக்கும் திறந்துவிடுகிறது. சவாலை எமக்கு அனுப்புபவர்கள் இந்தப் பகுதியை அனுப்புவதில்லை.

"எங்கே போகிறாய்?"

உடற்பயிற்சிக்காக நடப்பது என்பது போகுமிடம் இல்லாமல் நடப்பது. கடைக்கோ வேலைக்கோ போகாமல், நடப்பதற்காகவே நடப்பது. கொழும்பில் வாழ்ந்த தமிழர் நீண்ட காலமாகச் செய்ய அஞ்சியது இதைத்தான். சோதனைச்சாவடியில் கேட்கப்படும் முதல் கேள்வி "எங்கே போகிறாய்?" என்பது. "சும்மா நடக்கிறேன்" என்ற பதில் அங்கே செல்லுபடியாகாது.

தெற்கில் குண்டுகள் வெடித்தபோதெல்லாம் சந்தேகம் முழுச் சமூகத்தின் மீதும் விழுந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். 2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. 2008 - 2009 காலத்தில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். கடற்படையினர் குற்றஞ்சாட்டப்பட்ட அந்த வழக்கில் குடும்பங்கள் இன்னும் நீதிக்காகக் காத்திருக்கின்றன.

போர் முடிந்த பிறகும் வீதி மறுபடி மறுபடி மூடியது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் தாக்கப்பட்ட பின் கொட்டாஞ்சேனையைச் சூழ்ந்த பகுதிகள் மீண்டும் துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தன. 2020 மார்ச் 20 முதல் கொரோனா ஊரடங்கு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் எல்லோரும் நடந்தோம். அது விருப்பத்தோடு நடந்த நடை அல்ல. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. இரண்டு வேளை சாப்பிட்டவரிடம் உடற்பயிற்சி பற்றி யாரும் பேச முடியாது.

பிள்ளையை வெளியே விடாத பழக்கம், இருட்ட முன் வீடு திரும்பும் அவசரம், அடையாள அட்டை இல்லாமல் படியிறங்காத கை ஆகியன இவ்வாறு வந்தவை. இவற்றைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

இரண்டு ஊர், இரண்டு வீதி

வெள்ளவத்தைக்குக் கடல் இருக்கிறது. மெரைன் டிரைவில் காலையிலும் மாலையிலும் நடப்பவர்களைக் காணலாம். ஆனால் வீதிக்கும் கடலுக்கும் நடுவே புகையிரதப் பாதை, மறுபக்கம் விரையும் வாகனங்கள். காலி வீதியின் நடைபாதையில் கடைச் சாமான்களுக்கும் மனிதருக்கும் இடையே தினமும் போட்டி. இருந்தும் வெள்ளவத்தை பாக்கியம் செய்த இடம் என்றே சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் நிலைமை வேறு. துறைமுகத்தை அண்டிய பகுதி என்பதால் கனரக வாகனங்கள், நெருக்கமான வீடுகள், ஒடுங்கிய ஒழுங்கைகள். அண்மைய ஆண்டுகளில் பாதாள உலகக் குழுக்களின் துப்பாக்கிச் சூடுகள் வேறு. சுகததாச விளையாட்டரங்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் அது போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அரங்கு, பக்கத்துத் தெருப் பெண்கள் மாலையில் நடந்து வருவதற்கான திடல் அல்ல.

போருக்குப் பின் கொழும்பில் நடைபாதைகள் அமைக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு நகரை அழகுபடுத்தும் வேலைகள் வேகமாக நடந்தன. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய நடைபாதை அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் அது இருப்பது கறுவாத்தோட்டத்தில். அதே காலத்தில் வட கொழும்பின் ஏழைக் குடியிருப்பாளர்கள் பலர் தமது வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு மாத நடை

தினமும் நடப்பது எமது மக்களுக்குப் புதிதல்ல. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை, குமண வழியாகக் கதிர்காமம் சேரும் பாத யாத்திரை ஒரு மாதத்துக்கும் மேல் நீள்வது. போர் அதை வடக்கிலிருந்து நிறுத்தியது. பின்னர் அது மீண்டும் தொடங்கியது. அறுபது, எழுபது வயதுக்காரர்கள் அதில் நடக்கிறார்கள். பக்தி அவர்களை நடத்துகிறது என்பது உண்மை. அதோடு வேறு சிலவும் சேர்ந்தே நடத்துகின்றன. கூட்டமாக நடக்கிறார்கள். மெதுவாக நடப்பவர்களை விட்டுப் போவதில்லை. ஊருக்கு ஊர் தண்ணீரும் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கின்றன. இவ்வளவு இருந்தும், உகந்தைக்கு அப்பாலான காட்டுப் பாதை எப்போது திறக்கும் என்பதை இன்றும் அரச நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. பாதை திறக்காவிட்டால் எவ்வளவு மனவுறுதி இருந்தும் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் இதே அடிப்படையில் அமைந்தது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீற்றர் நடைபாதை ஒன்று அடையாளம் காணப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டு நடையும் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனையும் நடத்துவது திட்டம். குறைகள் இருக்கலாம். ஆனால் நடப்பதற்கு இடம் காட்டுவது அரசின் பொறுப்பு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

தொடங்க விரும்புபவர்களுக்கு

வீதி சரியாகும் வரை காத்திருக்கவும் முடியாது. ஆகவே இந்த மாதத்தை எமது நிலைமைக்கு ஏற்பத் தொடங்கலாம்.

முதல் வாரம் பத்து நிமிடம், இரண்டாம் வாரம் பதினைந்து, மூன்றாம் வாரம் இருபது, நான்காம் வாரம் முப்பது என்று கூட்டினால் போதும். வாரத்தில் ஐந்து நாள் முப்பது நிமிடம் நடந்தாலே 150 நிமிடம் சரியாகிவிடும். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. காலையும் மாலையுமாகப் பிரித்தும் நடக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே சரியான வேகம். வெளியே போக முடியாத பெண்களுக்கு மொட்டைமாடியும் கோயில் உள்வீதியும் இருக்கின்றன. தனியாக நடப்பதை விட இரண்டு மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து நடப்பது நல்லது. பயமும் குறையும், ஒருவர் சோர்ந்தால் மற்றவர் கதவைத் தட்டுவார்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நெஞ்சுவலி உள்ளவர்களும் உடலில் எறிகணைச் சிதறல்களோடு வாழ்பவர்களும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்குக் காலடிகளின் எண்ணிக்கை அளவுகோல் அல்ல. கதிரையில் இருந்தபடி கைகளுக்கும் தோளுக்கும் செய்யும் பயிற்சியும் உடற்பயிற்சிதான். 2011 முதல் அரச வைத்தியசாலைகளோடு இணைந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இரத்த அழுத்தத்தையும் சீனியின் அளவையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை

2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் கொழும்பு மாநகர சபைக்குப் புதிய நிர்வாகம் வந்திருக்கிறது. அதே ஆண்டின் முதல் நாளில் அரசாங்கம் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தைத் தொடங்கியது. இவற்றின் பெறுமதியை நடந்து போகும் சாதாரண மனிதர்தான் அளக்க வேண்டும். மெரைன் டிரைவின் ஒரு பகுதியை ஞாயிறு காலையில் சில மணி நேரம் வாகனங்களுக்கு மூட முடியாதா? கொட்டாஞ்சேனைப் பாடசாலை மைதானங்களை மாலையில் ஊரவர்களுக்குத் திறந்துவிட முடியாதா? ஒழுங்கைகளுக்கு வெளிச்சமும் நடைபாதைக்கு இடமும் கேட்பது பெரிய கோரிக்கையா? தமிழ் உறுப்பினர்கள் சபையில் இவற்றை எழுப்ப வேண்டும். எமது கோயில்களும் தேவாலயங்களும் சங்கங்களும் தமது மண்டபங்களையும் முற்றங்களையும் திறந்து முன்மாதிரி காட்டலாம்.

வெளிநாட்டிலிருந்து சவால் அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா எத்தனை காலடி நடந்தார் என்று கேட்பதற்கு முன், அவருக்கு நடக்க எங்கே இடம் இருக்கிறது, யார் கூட வருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் ஐந்தாம் நாளில் நின்றதன் காரணம் அந்தப் பதிலில் இருக்கக்கூடும்.