எல்லை மாறியது, பத்திரிகையும் ஊர் மாறியது!

வட்டக்கோட்டை:
கன்னியாகுமரி பக்கம் கடலோரத்தில் நிற்கிற வட்டக்கோட்டை, திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்துக் கோட்டை. 1956 வரை இந்தப் பகுதிக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தான். பேசுவது தமிழ், சர்க்கார் இருந்ததோ மலையாளச் சீமையில்!

இவர்கள் குறையைத் தமிழில் எழுத ஒரு பத்திரிகை வேண்டாமா?

1951 செப்டம்பர் 6-ந் தேதி திருவனந்தபுரத்திலேயே 'தினமலர்' தொடங்கியது. தொடங்கியவர் நாகர்கோவில்காரரான டி.வி.ராமசுப்பையர். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் போராட்டம் நடந்த காலம் அது. பத்திரிகையும் தோள் கொடுத்தது.

துப்பாக்கிச் சூடு

1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீசார் சுட்டனர். உயிர்கள் பலியாயின.

1956 நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அடுத்த வருஷமே தினமலர் நெல்லைக்கு வந்துவிட்டது. வாசகர் எந்தப் பக்கமோ, பத்திரிகையும் அந்தப் பக்கம்!

அங்கேயே நின்றவர்கள்?

தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றுவிட்டன. திருவனந்தபுரத்திலும் தமிழர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்த அச்சாபீஸ் போயே போச்சு. வியாபாரக் கணக்கில் இது சரி. ஆனால் சிறு கூட்டத்தின் குறையை யார் எழுதுவது?

இன்றும் அதே கேள்விதான். உலகச் சேதி கைப்பேசியில் நிமிஷத்தில் வருது. நம்ம தெருக்குழாயில் தண்ணீர் வராத சேதி வருதா?

எழுத ஆள் இல்லாத ஊரின் குறை, அதிகாரி மேஜைக்குப் போய்ச் சேராது.