கொண்டுவிடும் தூரம்

டெல்லியில் ஸ்கூட்டர் என்றால் ஆட்டோ ரிக்‌ஷா. பழைய டெல்லிவாசிகள் இன்றும் ‘ஸ்கூட்டர் பிடித்து வந்தேன்’ என்றுதான் சொல்வார்கள். எனவே, மெட்ரோ நிலையத்தின் சோதனை வாசலில் நின்ற காவலர் என் தோளில் தொங்கிய நீண்ட கான்வாஸ் பையைத் தட்டி, “இதில் என்ன?” என்று கேட்டபோது நான் சொன்ன பதில் கொஞ்சம் விபரீதமானதுதான். “ஸ்கூட்டர்.” அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மீட்டரும் உள்ளேதான் இருக்கிறதா?” என்றார்.

உள்ளே இருந்தது மடக்கு ஸ்கூட்டர். நின்றபடி ஓட்டுவது, மின்சாரத்தில் ஓடுவது. வெளிநாடு போன நண்பர் ஒருவர், “சும்மா கிடந்தால் பாட்டரி கெட்டுவிடும், ஓட்டிக்கொண்டிரு” என்று மூன்று மாதத்துக்கு என்னிடம் விட்டுப் போனார். மூன்று மாதம் முடிந்துவிட்டது. இது அதன் கணக்கு.

முதலில் ஒரு சொல் பற்றி. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. நகரப் போக்குவரத்து பற்றி எந்த அறிக்கையைத் தமிழாக்க எடுத்தாலும் அதில் ‘கடைசி மைல்’ வந்து நிற்கும். மைல் என்ற அளவையே நாம் கைவிட்டு அறுபது வருஷம் ஆகிறது. தவிர, வீட்டிலிருந்து கிளம்புகிறவனுக்கு அது முதல் மைல் அல்லவா? உண்மையில் இது தொலைபேசிக்காரர்கள் புழங்கிய சொல். எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருத்தெருவாகப் பிரிந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் கம்பியைத்தான் அப்படிச் சொன்னார்கள். நாடு முழுக்க லைன் போட்டுவிடலாம், அந்தக் கடைசித் துண்டுதான் செலவும் தொல்லையும் என்பது அவர்கள் அனுபவம். போக்குவரத்துக்கும் அது அப்படியே பொருந்திவிட்டது.

என் விஷயத்தையே பாருங்கள். வீடு மயூர் விஹாரில். ஆபீஸ் கன்னாட் பிளேஸ் பக்கம். 2009 நவம்பரில் யமுனா பேங்க் - நொய்டா மெட்ரோ பாதை திறந்தபோது எங்கள் பேட்டைக்கே விடிவு வந்ததாக நினைத்தோம். வந்தது நிஜம்தான். பாரகம்பா ரோடுக்குப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் வீட்டிலிருந்து நிலையம் ஒன்றரை கிலோமீட்டர். அங்கே இறங்கி ஆபீஸ் போக இன்னும் ஒன்றேகால். இரண்டையும் நடந்தால் முப்பத்தாறு நிமிடம். அதாவது யமுனையைக் கடக்கப் பதினைந்து நிமிடம், ரயிலின் இரு முனைகளைக் கடக்க அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

நடக்கலாமே என்பீர்கள். பிப்ரவரியில் நடக்கலாம். மே மாதத்து 45 டிகிரியிலும், கண் எரியும் நவம்பர் புகையிலும் நடந்து பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்லமாட்டார்கள்.

மடக்கு ஸ்கூட்டர் இந்த இடத்தில்தான் ஆசை காட்டுகிறது. நண்பருடையதன் எடை பன்னிரண்டரை கிலோ. 250 வாட் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. காலால் ஒரு உந்து உந்திவிட்டுக் கட்டைவிரலால் விசையை அழுத்தினால் ஓடும். பாட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகக் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் போதும். எனக்கு அது மூன்று நான்கு நாளுக்கு வந்தது. கைப்பிடித் தண்டை மடக்கிப் பின்சக்கரத்தின் மேல் கொக்கி மாட்டினால் தூக்கக் கைப்பிடி தயார். லைசென்ஸ்? நம் மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த சக்தியும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்டு, சோதனை நிறுவனத்தின் சான்றும் பெற்ற பாட்டரி வண்டி மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. வாங்கும் முன் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பது நல்லது. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்.

முதல் வாரம் ராஜபோகம். நிலையத்துக்கு ஆறு நிமிடம், அந்தப் பக்கம் ஐந்து. வியர்வை இல்லை, பேரம் இல்லை. நாற்பத்தைந்து வயதில் நின்றபடி தெருவில் வழுக்கிச் செல்வதில் ஒரு சிறுபிள்ளைத்தனமான சந்தோஷம் இருக்கிறது, மறைப்பானேன். ஈ-ரிக்‌ஷாவுக்கும் ஷேர் ஆட்டோவுக்குமாக நாளுக்கு அறுபது ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதம் இருபத்துநாலு நாள் என்றால் 1,440 ரூபாய். இந்த மாதிரி வண்டி முப்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். சொந்தமாக ஒன்று வாங்குவதாகவே தீர்மானித்துவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில் கணக்கின் மறுபக்கம் தெரிய ஆரம்பித்தது. பன்னிரண்டரை கிலோ என்பது கடையில் தூக்கிப் பார்க்கும்போது ஒன்றுமில்லை. லிஃப்ட் இல்லாத டி.டி.ஏ. குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கிப் போகும்போது அது வேறு பன்னிரண்டரை கிலோ. ரயிலில் கூட்ட நேரத்தில் அந்தப் பை இன்னொரு பயணி. டிக்கெட் வாங்காத பயணி. பக்கத்தில் நிற்பவரின் முழங்காலை அது இடிக்கும், நான் மன்னிப்புக் கேட்பேன். தவிர, பயணிகள் கொண்டுபோகும் சாமான்களுக்கு எடையிலும் நீள அகலத்திலும் வரம்பு உண்டு. என் பை எடையில் பாஸ், நீளத்தில் ஃபெயில். மீட்டர் ஜோக் சொன்ன காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார் என்றால் அது அவர் தயவு, என் உரிமை அல்ல. தயவை நம்பி தினசரி ஆபீஸ் போக முடியாது.

வரம்பு போடுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லித்தியம் பாட்டரி அடிபட்டாலோ மட்டமான சரக்காக இருந்தாலோ தீப்பிடிக்கும், சுலபத்தில் அணையாது. லண்டனில் 2021 நவம்பரில் ஓடும் ரயிலில் ஒரு ஸ்கூட்டர் பாட்டரி எரிந்தது. மறு மாதமே மடக்கியதோ மடக்காததோ, சொந்த மின் ஸ்கூட்டர் எதுவும் ரயில்களிலும் பஸ்களிலும் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் சைக்கிளுக்கே இப்போதுதான் கதவு திறக்கிறது. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சைக்கிளை அனுமதித்தது, கட்டணமும் இல்லை. பெங்களூர் மெட்ரோ 2022 ஜூனில் மடக்கு சைக்கிளுக்குக் கடைசிப் பெட்டியில் இடம் கொடுத்தது. நிபந்தனை: 15 கிலோவுக்கு மேல் கூடாது, மடக்கினால் 60 x 45 x 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மடக்கு சைக்கிளுக்கே பெயர்போன பிரிட்டனின் பிராம்ப்டன்கூட மடக்கினால் ஏறத்தாழ 65 x 59 x 27. கதவைத் திறந்தார்கள், நிலையின் உயரத்தை யாரும் அளக்கவில்லை.

ஆறாவது வாரம் விழுந்தேன். சைக்கிள் சக்கரம் பெரியது. சின்னக் குழியில் இறங்கி ஏறிவிடும். இந்த ஸ்கூட்டரின் சக்கரம் எட்டரை அங்குலம்தான். நாலு விரல் ஆழமுள்ள குழி சைக்கிளுக்கு ஒரு குலுங்கல், இதற்கு ஒரு சுவர். சக்கரம் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முழங்கை சிராய்ந்தது, மணிக்கட்டு வீங்கியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் மிச்சம் தப்பியது. விதிப்படி அது மோட்டார் வாகனம் இல்லையாம். தார் ரோட்டுக்கு அந்த விதி தெரியாது.

தூக்கிவிட்டவர் ஒரு ஈ-ரிக்‌ஷாக்காரர். பீகாரிலிருந்து வந்தவர். ஐந்தாறு வருஷமாக என்னை நிலையத்துக்குக் கொண்டுபோனவர், நான் ஆறு வாரமாக வழுக்கிக்கொண்டு தாண்டிப் போனவர். என்னையும் ஸ்கூட்டரையும் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினார். பத்து ரூபாய் நீட்டினேன். “இருபது, பாபுஜி. அதுவும் ஒரு சீட்டை அடைத்துக்கொண்டதே” என்று ஸ்கூட்டரைக் காட்டினார். நியாயமான கணக்கு.

இந்த ஈ-ரிக்‌ஷாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரும் திட்டமிடாமல், யாரும் அனுமதி தராமல் டெல்லியின் கடைசி மைலை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். 2014 ஜூலையில் எங்கள் பக்கத்து திரிலோக்புரியில் நடந்த விபத்தில் ஒரு குழந்தை இறந்தது. அந்த மாதக் கடைசியில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பல நாள் எங்கள் பேட்டையே நடந்து போயிற்று. பிறகு மத்திய அரசு விதிகளை வகுத்து, 2015-ல் சட்டத்தையே திருத்தி அவற்றுக்கு இடம் கொடுத்தது. ஓட்டுவதில் ஒழுங்கு போதாது, சந்திப்புகளில் குறுக்கே நிறுத்துவார்கள், எல்லாம் உண்மை. ஆனால் பத்து ரூபாய்க்கு, லைசென்ஸ் இல்லாத, பாட்டரி இல்லாத, பலம் இல்லாத எவரையும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

பலம் என்ற சொல் என் மனைவியிடமிருந்து வந்தது. அவளுக்கும் அதே நிலையம், அதே ஒன்றரை கிலோமீட்டர். வேலை முடிந்து வந்து இறங்கும்போது இரவு எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் ஷேரில் ஆள் சேராது. சேர்ந்தாலும் முன்பின் தெரியாத மூன்று ஆண்களோடு உட்கார்ந்து போக அவளுக்குத் தயக்கம். தனியாகப் போனால் நாற்பது, ஐம்பது. “நீ வேண்டுமானால் ஸ்கூட்டரை எடுத்துப் போயேன்” என்று பெருந்தன்மையோடு சொன்னேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கினாள். முதல் மாடித் திருப்பம் வரை கொண்டுவந்து கீழே வைத்தாள். “இது பலசாலிகளுக்குச் செய்தது” என்றாள். பிறகு, “அந்த ரோட்டில் எல்லா லைட்டும் எரிந்தால் எனக்கு ஸ்கூட்டர் எதுக்குங்க? நடந்தே வந்துடுவேனே” என்றாள்.

மறுநாள் நடந்து எண்ணினேன். நிலையத்திலிருந்து எங்கள் வாசல் வரை விளக்குக் கம்பம் முப்பத்தொன்று. எரிந்தது பதினெட்டு. நடைபாதை இருக்கிறது. அதன் மேல் ஜெனரேட்டர் இருக்கிறது, ஜல்லிக் குவியல் இருக்கிறது, மூன்று கார்கள் இருக்கின்றன. ஆறு வாரமாக அதே வழியில் போய் வந்தவன் நான். ஒரு கம்பத்தையும் எண்ணியதில்லை. தனக்கு வழி கிடைத்தவன் ரோட்டைப் பார்ப்பதில்லை, குழியில் விழும்வரை.

ஸ்கூட்டரைக் குறை சொல்லி முடிக்க விரும்பவில்லை. தரைத் தளத்தில் வீடு, சீரான ரோடு, ஒரு முனையில் மட்டும் இரண்டு மூன்று கிலோமீட்டர், ஆபீஸில் வைக்க இடம், கூட்டமில்லாத நேரம், நல்ல முழங்கால்: இவை எல்லாம் உள்ளவர்களுக்கு அது உருப்படியான வண்டிதான். எனக்கு ஆறில் ஒன்று இருந்தது. மணிக்கட்டு வீக்கம் வடிந்ததும் அதை வாரம் ஒரு முறை ஓட்டிப் பாட்டரியை உயிரோடு வைத்திருந்தேன். நண்பர் திரும்பி வந்ததும் ஒப்படைத்துவிட்டேன். நான் வாங்கப் போவதில்லை.

‘கடைசி மைல்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா? அது நம் வீட்டிலேயே இருக்கிறது. ஊரில் விருந்தாளி கிளம்பினால் வாசலோடு விடை கொடுக்கமாட்டார்கள். “மாமாவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவிட்டுட்டு வாடா” என்பார்கள். பெட்டியை இவன் தூக்கிக்கொள்வான். இருட்டாக இருந்தால் டார்ச் எடுத்துக்கொள்வான். பஸ் கிளம்பும்வரை நிற்பான். கொண்டுவிடுதல் என்ற அந்த ஒரு சொல்லில் தூரம் இருக்கிறது, சுமை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. நம் நகரங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து நம்மை யமுனை தாண்டிக் கொண்டுவந்து, வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் அம்போவென்று விட்டுவிடுகின்றன. மீதியை அவரவர் பையில் போட்டுத் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடியிருப்பில் எழுபத்திரண்டு வீடுகளில் கையெழுத்து வாங்கி, கம்பங்களின் எண்களோடு மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு வாரத்தில் ஐந்து விளக்குகள் எரிய ஆரம்பித்திருக்கின்றன. மீதி எட்டு. அதுவரை இரவு எட்டேகாலுக்கு நான் டார்ச்சோடு நிலையத்துக்குக் கிளம்புகிறேன். திரும்பும்போது இரண்டு பேர் நடந்து வருகிறோம். சில நாட்களில் பக்கத்து பிளாக் பெண்கள் இரண்டு மூன்று பேர் எங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள்.